கையைக் கடிக்காத கிறிஸ்மஸ் பரிசு: நம்ம குமரி வீடுகளுக்காக

டிசம்பர் 22, 23-ல் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடைவீதிக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் யாருக்கு எது பிடிக்கும் என்று நின்று யோசிக்கவே முடியாது. கண்ணில் பட்டதை எடுத்து, பளபள தாள் சுற்றச் சொல்லி, பில்லைப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அப்படி வாங்கின சுவர்க்கடிகாரமும் கண்ணாடிக் கோப்பையும் எத்தனை வீட்டு அலமாரியில் தாள் பிரிக்காமல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கிறிஸ்மஸ் பரிசுக்குக் காசு கரைவது பெரும்பாலும் பரிசால் இல்லை, கடைசி நேரத்தால்தான். அதனால் நான் சொல்லப்போவதில் முக்கியமானவை இரண்டே: சீக்கிரம் தொடங்குங்கள், தீர்ந்துபோகிற பொருளாகக் கொடுங்கள். சாப்பிட்டுத் தீரும், உடுத்திக் கிழியும், குடித்து முடியும், அதுதான் நல்ல பரிசு. வாங்குகிறவர் வீட்டில் இடம் அடைக்காது, விலையைப் போட்டு யாரும் ஒப்பிடவும் மாட்டார்கள்.

தொடங்குவதற்கு நல்ல நாள் நவம்பர் 2. கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தில் எல்லோரும் கூடுவார்கள், அன்று சாயங்காலம் ஒரு நோட்டை எடுத்து யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஆளாக எழுதாமல் வீடாக எழுதுங்கள். சித்தப்பா வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பரிசு வேண்டாம், அந்த வீட்டுக்கு ஒன்று போதும். இந்த ஒரு மாற்றத்திலேயே செலவு பாதிக்கு வந்துவிடும். பிறகு மொத்தம் எவ்வளவு முடியும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு அதைப் பிரியுங்கள், பொருளைப் பார்த்துவிட்டுக் காசைத் தேடாதீர்கள். உதாரணத்துக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள்: 12 வீட்டுக்கு 150 வீதம் 1,800, சொந்தத்தில் உள்ள ஆறு பிள்ளைகளுக்கு 100 வீதம் 600, நமக்காக உழைக்கிற மூன்று பேருக்கு 200 வீதம் 600. சரியாகப் போச்சு. சொந்த வீட்டுக்கு எடுக்கிற புதுத்துணி இந்தக் கணக்கில் வராது, அது தனி. இரண்டையும் ஒரே பையில் போட்டால்தான் டிசம்பர் கடைசியில் நகைக்கடன் வரைக்கும் போய் நிற்கிறது. பரிசுக்காக வட்டிக்கு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், அதை உறுதியாகச் சொல்கிறேன்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மைனி, அத்தான், மாமி என்று பெரிய குடும்பமாக இருந்தால் கிறிஸ்மஸ் பிரண்ட் போடுங்கள், அதாவது சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் ஒரு பரிசு. காலேஜிலும் ஆபீஸிலும் போடுவதுதான், வீட்டில்தான் நாம் மறந்துவிடுகிறோம். கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம் இல்லையா, அதில் முதல் ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்து வந்ததும் சீட்டு எழுதி ஒரு பானையில் போட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் பெயருக்குக் கீழே தனக்கு இப்போது தேவையான மூன்று பொருட்களை எழுத வேண்டும், மூன்றும் பேசி வைத்த தொகைக்குள் அடங்க வேண்டும். இதற்கு யாரும் கூச்சப்படக் கூடாது. தலையணை உறை, டார்ச், சமையலறைக் கத்தி என்று எழுதினால் எடுக்கிறவருக்கு நிம்மதி, கிடைக்கிறவருக்கும் உபயோகம். சொந்தப் பெயரோ, புருஷன் பெண்டாட்டி பெயரோ வந்தால் திருப்பிப் போட்டு மறுபடி எடுக்க வேண்டும். துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்கட்டும். பத்துப் பேர் ஆளுக்கு ஒன்பது பரிசு வாங்குவதும், ஆளுக்கு ஒன்று வாங்குவதும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் பலகாரம். இங்கேதான் நம் ஊருக்குப் பெரிய வசதி இருக்கிறது, கடையில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாத ருசி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. கேக் எல்லோரும் கொடுப்பார்கள், ஒரு வீட்டுக்கு நாலைந்து கேக் சேர்ந்து ஃபிரிட்ஜில் காய்ந்து கிடக்கும், அதனால் கிறிஸ்தவ வீடுகளுக்கு நான் கேக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். முந்திரிக்கொத்து கொடுங்கள். ஒரு கிலோ சிறுபயறை வாசம் வர வறுத்து, ரொம்ப நைசாக இல்லாமல் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் முழுக்க வற்றி சிவக்கும் வரை வறுங்கள், இதில் அவசரப்பட்டால் நாலாம் நாளே சிக்கு வாடை வந்துவிடும், பலகாரம் நிற்பது முழுக்கத் தேங்காயின் வறுப்பில்தான். 100 கிராம் எள், பத்துப் பன்னிரண்டு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு, எல்லாம் பொடித்துச் சேருங்கள். 800 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து வடிகட்டி, கம்பிப்பதத்துக்குக் கொஞ்சம் முந்தி இறக்கி, மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும். உருட்டினதை உடனே பொரிக்க வேண்டாம், ஒரு ராத்திரி துணி போட்டு மூடி வையுங்கள், மேலே காய்ந்தால்தான் மாவு பிடிக்கும். மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்பொடியும் உப்பும் போட்டு, தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கிச் சேர்த்து எண்ணெயில் போடுங்கள், அதுதான் கொத்து. ஒரு கிலோ பயறுக்கு ஒரு வீட்டுக்கு ஐந்தாறு கொத்து வீதம் பத்து வீட்டுக்குத் தாராளமாக வரும். நன்றாக ஆறவிட்டு அடைத்தால் இரண்டு வாரம் இருக்கும், ஆகையால் டிசம்பர் 18, 19-ல் செய்தால் சரியாக இருக்கும்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். மூன்று வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து ஒரு நாள் உட்கார்ந்தால் ஒருவர் முந்திரிக்கொத்து, ஒருவர் அச்சு முறுக்கு, ஒருவர் ஏத்தங்காய் சிப்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம், கடைசியில் மூன்றையும் பங்கு போட்டால் மூன்று வீட்டுக்கும் மூன்று வகை பலகாரம் கிடைத்துவிடும். எண்ணெயும் மிச்சம், சமையல் காஸும் மிச்சம்.

அடுப்பில் நிற்க முடியாதவர்களுக்குச் சுக்குப்பொடி. டிசம்பர் மழையும் பனியும் கலந்த மாதம், பாட்டி தாத்தா இருக்கிற எந்த வீட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியாது. சுக்கு 100 கிராம், கொத்தமல்லி 100 கிராம், மிளகு 25 கிராம், ஏலக்காய் 10 கிராம். மல்லியையும் மிளகையும் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், சுக்கை முதலில் உரலிலோ அம்மியிலோ நசுக்கிவிட்டுத்தான் மிக்சியில் போட வேண்டும், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். சலித்து 25 கிராம் பிடிக்கும் சின்னப் பாட்டில்களில் போட்டால் எட்டு, ஒன்பது பாட்டில் வரும். கூடவே ஒரு கருப்பட்டி வையுங்கள். ஒரு கப் தண்ணீருக்கு அரை ஸ்பூன் பொடி, கருப்பட்டி தட்டிப் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் கையால் எழுதிக் கட்டிவிடுங்கள். பாட்டிலுக்குள் சொட்டு ஈரம் இருந்தாலும் கட்டி தட்டிவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் பாட்டிலை முந்தின நாளே கழுவிக் கவிழ்த்து, வெயில் அடித்தால் வெயிலில் காய வையுங்கள்.

தேனும் நல்லது. மார்த்தாண்டம் பகுதியில் பெட்டித்தேனீ வளர்ப்பு பரவினது 1920-களில் அங்கே இருந்த ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தின் முயற்சியால், அங்குள்ள தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் 1937-லிருந்து இருக்கிறது. நமக்கு இங்கே தேன் சீசன் ரப்பர் தளிர்க்கிற காலம், அதாவது வருஷத் தொடக்கம். முடிந்தால் அப்போதே சொல்லி வைத்து மொத்தமாக இரண்டு மூன்று கிலோ வாங்கி வைத்துக்கொண்டால் டிசம்பரில் சின்னப் பாட்டில்களில் பிரித்துக் கொடுக்கலாம். உறைந்துபோனால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம், நல்ல தேனும் உறையும், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் இதை வாயாலும் சொல்லிவிடுங்கள், பெரியவர்கள் நாக்கில் தடவிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோகலாம். நம் மாவட்டத்து மட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, திட உணவு சாப்பிடத் தொடங்கின பிள்ளைகளுக்கு நாம் காலங்காலமாகக் கொடுப்பதும் அதுதானே.

அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு, கொடுக்க ஆசை, ஆனால் விலை உறைக்கிறது என்கிறவர்கள் முழுப்பருப்பு கேட்காமல் பிளவோ துண்டோ கேளுங்கள். ருசி ஒன்றுதான், விலை கணிசமாகக் குறையும். பாயசத்துக்கும் கேக்குக்கும் உடைத்துத்தானே போடப்போகிறோம்?

துணியில் பெரியவர்களுக்கு எது கொடுப்பது என்று குழம்ப வேண்டாம். பாறசாலை தாண்டிக் கொஞ்சதூரம் போனால் பாலராமபுரம், அங்கத்துக் கைத்தறித் துவர்த்து (துண்டு) ஒன்று தாத்தாவுக்கு எடுங்கள். மெல்லிசாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சும், மழைநாளிலும் சீக்கிரம் காயும், துவைக்கத் துவைக்கத்தான் மெதுவாகும். கரை போட்ட முண்டு விலை கூடுதல், துவர்த்து எல்லோருக்கும் எட்டும். அம்மாச்சிக்கும் பெரியம்மைக்கும் லேஸ் வைத்த கைக்குட்டை ஒன்று எடுக்கலாம். நாகர்கோவிலில் லேஸ் பின்னலை 1820 வாக்கில் தொடங்கி வைத்தவர் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா, இருநூறு வருஷமாக நம் பெண்கள் கையில் இருக்கிற தொழில் இது. பெரிய மேசைவிரிப்பு வாங்க நம்மால் முடியாமல் இருக்கலாம், ஓரத்தில் லேஸ் பின்னின கைக்குட்டை முடியும். பின்னுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள், ஒரு சாண் பின்ன எவ்வளவு நேரமாகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் விலையைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள்.

காசே வேண்டாம் என்றால் செடி. ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தக் கம்பை நட்டாலும் பிடித்துக்கொள்ளும், கற்பூரவள்ளி, செம்பருத்தி, குரோட்டன்ஸ், எல்லாம் ஒடித்து வைத்தாலே வேர்விடும். சிரட்டையில் கண் இருக்கிற பாதியை எடுத்து, கண்ணைக் குத்திவிட்டால் தண்ணீர் வடியும், அதில் செம்மண்ணும் மட்கின சாணமும் போட்டு நவம்பர் தொடக்கத்தில் நட்டால் கிறிஸ்மஸுக்குள் புதுத்தளிர் வந்திருக்கும். சிரட்டையின் வெளிப்புறத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள், பிறகு ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவினால் மினுமினுக்கும்.

போட்டோவும் அப்படித்தான். பழைய ஆல்பத்திலிருந்து அம்மாச்சியின் கல்யாணப் போட்டோவையோ, இடித்துவிட்ட பழைய ஓட்டு வீட்டுப் படத்தையோ போனில் நல்ல வெளிச்சத்தில் எடுத்து, ஸ்டுடியோவில் அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போடுங்கள். பின்னால் யார் யார், எந்த வருஷம், எந்த ஊர் என்று எழுதுங்கள். அதை எழுதுவதற்காகப் பெரியவர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும், அந்தப் பேச்சுக்காகவே இந்தப் பரிசை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு பேட்டரி பொம்மை வேண்டாம், புதுவருஷத்துக்குள் நின்றுவிடும். கலர் பென்சில், கதைப்புத்தகம், பந்து, தாயக்கட்டை, இவை போதும். இதுபோன்றவற்றையும் பாட்டில், ரிப்பன் எல்லாவற்றையும் டஜன் கணக்கில் எடுத்தால் விலை விழும், அதற்குத் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற பஜாருக்கு ஒருநாள் நாலு வீடு சேர்ந்து போய் வாருங்கள். நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ பாசஞ்சர் ரயில் ஏறினால் பஸ்ஸைவிடச் செலவு குறைவு, ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். நவம்பரிலேயே போங்கள், டிசம்பர் நடுவில் போனால் அங்கேயும் இதே கூட்டம்தான். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை நடக்கும், திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்கான சின்னச் சின்ன சாமான்கள் கிடைக்கும்.

பொதிவதற்குப் பளபள தாள் வாங்க வேண்டாம். பனையோலைப் பெட்டி கிடைத்தால் அதுதான் முதல் தரம், பலகாரம் தீர்ந்த பிறகு ஊசிநூலோ மிளகோ போட்டு வைத்துக்கொள்வார்கள். ஆனால் பலகாரத்தை நேரே ஓலையில் வைக்காமல் உள்ளே பட்டர் பேப்பரோ வாட்டின வாழையிலையோ விரித்து வையுங்கள், எண்ணெய் ஊறினால் ஓலை கறுத்துவிடும். மழைக்காலத்தில் ஓலை பூசணம் பிடிக்கும், வாங்கினதும் ஒரு வெயில் காட்டி எடுங்கள். பெட்டி கிடைக்காவிட்டால் பழைய பருத்திச் சேலையைச் சதுரமாக வெட்டி முடிச்சுப் போடலாம்.

கொடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, ரப்பர் வெட்டுகிற அண்ணன், தினமும் மீன் கொண்டுவருகிற அம்மா, இவர்களுக்குப் பொருளைவிடக் காசு நல்லது. கவரில் போட்டு, டிசம்பர் 20-க்கு முன்னால் கொடுங்கள். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும் அல்லவா, கிறிஸ்மஸ் அன்று காலையில் கொடுத்தால் கடை பூட்டியிருக்கும். கூடவே பலகாரமும் கொடுக்கலாம், ஆனால் பழைய துணியைப் பரிசு என்று கொடுக்காதீர்கள். பழசு கொடுப்பது வேறு நாளில் நடக்கட்டும்.

பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குத்தான் கேக். தீபாவளிக்கும் ஓணத்துக்கும் பெருநாளுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து நமக்கு வந்திருக்கும், கிறிஸ்மஸ் என்றால் கேக் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். முட்டை சேர்ப்பார்களா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழத்தை ரம்மில் ஊறவைத்த கேக்கை முஸ்லிம் வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது, ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்ததை அவர்களுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். மார்கழி விரதத்தில் இருக்கிற வீடும், மலைக்கு மாலை போட்ட வீடும் உண்டு, அங்கே பழமும் முந்திரிக்கொத்தும் போதும். அவர்கள் பாத்திரம் நம் வீட்டில் கிடந்தால் இதுதான் அதைத் திருப்பிக் கொடுக்கும் சமயம், சும்மா கொடுக்காமல் நிறைத்துக் கொடுங்கள்.

அந்த வருஷம் ஸ்டார் போடாத வீடுகள் உண்டு. சாவு நடந்து முதல் கிறிஸ்மஸ். அங்கே போகத் தயங்கி நாம் ஒதுங்கிவிடுகிறோம், அது தப்பு. ரிப்பன் கட்டாமல், பலகாரம் கொண்டுபோகாமல், அரிசியோ பழமோ காப்பித்தூளோ எடுத்துக்கொண்டு 24-ம் தேதி பகலில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கடற்கரை ஊர்களில் உறவோ நட்போ இருந்தால் 26-ம் தேதியை மறக்காதீர்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த வீடுகள் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் இருக்கின்றன, அன்று அவர்களுக்கு நினைவுத் திருப்பலி நாள். 2017 ஒக்கிப் புயலில் கடலில் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் இருக்கின்றன. அங்கே பரிசு என்பதே கூடப்போய் உட்கார்வதுதான், மெழுகுதிரி ஒரு பாக்கெட் வாங்கிப் போங்கள்.

வளைகுடாவில் இருக்கும் தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்துவிட வேண்டுமானால், டிசம்பர் தொடக்கத்தில் ஊரிலிருந்து யார் திரும்பிப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். கொண்டுபோகிறவருக்கும் எடை அளவு இருக்கிறது, ஒரு கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் முன்னாலேயே திறந்து காட்டிக் கட்டுங்கள். தேன் கைப்பையில் போகாது, பெட்டியில் போட வேண்டும். சிப்ஸ், சுக்குப்பொடி, கருப்பட்டி, போட்டோ, இவை நசுங்காமல் போய்ச் சேரும்.

இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது கொடுக்க முடியாமல் விட்டுப்போனால் பதற்றப்பட்டு 24-ம் தேதி ராத்திரி கடைக்கு ஓடாதீர்கள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள், அதுவரைக்கும் கிறிஸ்மஸ் பரிசு கொடுக்க நாள் இருக்கிறது. புதுவருஷ ஆராதனை முடிந்த அடுத்த வாரம் கடைகளிலும் கூட்டம் இருக்காது, மிச்சம் இருக்கும் பாட்டிலை நிறைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் காப்பி நேரத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்.